மின்னல் கனைத்தான்

1958, மாசி, வெள்ளி இரவு.

மெட்ராசில் ரேஸ் ஓடி ஜெயித்த குதிரை என்றுதான் மின்னலைப் பொலிக்காகக் குருவிநத்தத்துக்குக் கொண்டுவந்தேன். ஆனால் பெட்டைக் குதிரையைக் காட்டினால் தலை குனிந்து நின்றுவிடுவான். ஊரே சிரித்தது.

இன்றும் அப்படியே. எப்போதும்போல் பெருமைக்காகப் பந்தயக் கடிவாளத்தோடுதான் கூட்டிவந்தேன். சோரியாங்குப்பத்திலிருந்து பெட்டையை ஓட்டிவந்த கோவிந்தன் கேட்டார்.

"ஏம்பா, ரேஸ்ல பெட்டயப் பாத்துக் கனைச்சா இன்னா பண்ணுவாங்க?"

"சவுக்கால அடிப்பாங்க."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. கடிவாளத்தைக் கழற்றிவிட்டு மாட்டுக் கயிற்றைக் கட்டினேன். மின்னல் மெல்லத் தலையைத் தூக்கினான். கனைத்த கனைப்பில் வயலில் இருந்த கொக்கெல்லாம் பறந்துவிட்டன. பொழுது சாய்வதற்குள் காரியம் முடிந்தது. அப்பாடா.

இப்போதும் கொட்டகையில் கனைத்துக்கொண்டிருக்கிறான். என் தூக்கம் போயிற்று. கனைக்கட்டும். இங்கே அவனை அடிக்க யாரும் இல்லை.