வெளியே பூட்டு, உள்ளே நாங்கள்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. ஆமாம் அம்மாடி, அப்பாவே எழுதுவது. மாடி வீட்டுத் தையல்காரம்மாவை உட்காரவைத்துச் சொல்லச் சொல்ல எழுதியது இல்லை, உறையின் மேல் இருக்கும் உன் பெயரும் என் கை எழுதியதுதான், இன்னொரு முறை எடுத்துப் பார். இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீ சுகம் என்று போனில் சொல்வதை நான் பாதிதான் நம்புகிறேன், காகிதத்தில் எழுதி அனுப்பினால் முழுவதும் நம்புவேன், ஏனென்றால் இப்போது எனக்குப் படிக்கத் தெரியும். நூலகத்தின் பின்னறையில் ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவர் மாலையில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார், நான் ஏழு மாதமாகப் போகிறேன். ஊசி போடுகிற கை அல்லவா, பயந்துகொண்டே எல்லோரும் சீக்கிரம் கற்றுக்கொண்டோம். ஆனாலும் நாற்பது வருடம் அரம் பிடித்துச் சாவிக்குப் பல் வெட்டிய விரல் இது, பென்சிலைப் பிடித்தால் முனை உடைகிறது. நாளைக்குப் பத்து வரி என்று இதை எழுதுகிறேன். நீ ஒரே மூச்சில் படித்துவிடாதே, எனக்கு மனசு ஆறாது.

அம்மாவின் மணிக்கட்டு நன்றாகக் கூடிவிட்டது. மழை வந்தால் கொஞ்சம் வலிக்கிறது என்று முனகுகிறாள், மழை வராவிட்டாலும் வேறு எதற்காவது முனகுகிறாள், அதனால் உடம்பு தேறிவிட்டது என்று வைத்துக்கொள். கடையைப் பெரிய சாலையிலிருந்து பஸ் நிலையத்தின் பின்வாசலுக்கு மாற்றிவிட்டேன். வாடகை குறைவு, பையைத் தொலைத்துவிட்டுச் சாவி கேட்டு வருகிற ஆட்கள் அதிகம். அடுத்தவர் மறதியில்தான் நம் அடுப்பு எரிகிறது என்று அம்மா சொல்கிறாள்.

இப்போது எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருந்தபோது உன் கதவை யாரோ தட்டினார்கள். நீ குரலைத் தாழ்த்தி, "அப்பா, ஒரு நிமிஷம் பேசாதீங்க" என்றாய். உன் மூச்சு மட்டும் கேட்டது. மூன்று தட்டு, ஒரு இடைவெளி, மறுபடி மூன்று தட்டு. பிறகு நீ, பக்கத்து வீட்டுக்கு வந்தவர் கதவு மாறித் தட்டிவிட்டார் என்றாய். கண்ணு, உறவுக்காரன் தட்டினால் கூடவே பெயர் சொல்லிக் கூப்பிடுவான். தபால்காரர் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். பொறுத்துப் பொறுத்துத் தட்டுகிறவர் உள்ளே ஆள் இருப்பது தெரிந்து தட்டுகிறவர். அந்தத் தட்டை எட்டு மாதம் நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறோம். அதை உன்னிடம் சொன்னதில்லை. போனில் சொன்னால் நீ அழுவாய், அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ வெளிநாட்டுக்குப் புறப்பட்டபோது ஏஜென்டுக்குக் கட்டிய பணம் என் சேமிப்பு என்று சொன்னேன். சேமிப்பாவது ஒன்றாவது. ஊரார் பெட்டியைத் திறந்து பிழைக்கிறவன் பெட்டியில் என்ன இருக்கும். ஒரு கடன் கம்பெனியில் கைநாட்டு வைத்து வாங்கினேன். ஒன்றரை வருடம் ஒழுங்காகக் கட்டினேன், பிறகு கடை வாடகை ஏறியது, எனக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம் அரத்தைத் தொட முடியவில்லை, தவணை நின்றது. செவ்வாய்க்கிழமை தோறும் வசூலுக்கு ஒருவர் வர ஆரம்பித்தார். ஐம்பது வயதிருக்கும், வெயிலோ மழையோ கையில் ஒரு கறுப்புக் குடை, அதன் நுனியால்தான் கதவைத் தட்டுவார். அவருக்கு அம்மா வைத்த பெயர் குடைக்காரர். முதல் இரண்டு வாரம் அடுத்த வாரம் தருகிறேன் என்றேன். மூன்றாவது வாரம் சொல்வதற்கு வாய் வரவில்லை. அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது, அறிவு நிறைய இருப்பதாக நினைத்துக்கொள்கிறவனுக்குத்தான் அப்படி யோசனை வரும். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குத் தையல்காரம்மா கீழே வந்து எங்களை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவார், பன்னிரண்டு மணிக்குத் திறந்துவிடுவார். குடைக்காரர் வருவார், பூட்டைப் பார்ப்பார், போய்விடுவார். நாங்கள் ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்து, விளக்கை அணைத்து, ஒரு பாத்திரம்கூட நகர்த்தாமல் உட்கார்ந்திருப்போம். அதற்கு நான் மாட்டியது சாதாரணப் பூட்டா. என்னிடம் இருந்ததிலேயே நல்ல பூட்டு, ஏழு லிவர் பித்தளைப் பூட்டு, நாதாங்கியின் திருகுகூட வெளியே தெரியாமல் நானே பொருத்தினேன். இதை எவனாலும் திறக்க முடியாது என்று அம்மாவிடம் பெருமை அடித்துக்கொண்டேன். ஊருக்கெல்லாம் மாற்றுச்சாவி போட்டுக் கொடுத்த எனக்கு, அந்தப் பூட்டுக்கு ஒரு மாற்றுச்சாவி போட்டு உள்ளே வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை தையல்காரம்மா பூட்டிவிட்டு, அவசரமாக நூல் வாங்கக் கிளம்பினார், சாவி அவர் பையில். பஸ் பாதி வழியில் நின்றுவிட்டதாம். பன்னிரண்டும் ஆனது, ஒன்றும் ஆனது. போன் போட்டால் எங்கள் தலைக்கு மேலே, மாடியில் அவர் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டுப் போன போன் எங்களுக்கே கேட்கும்படி அடிக்கிறது. அன்றைக்கென்று குடைக்காரரும் தாமதம். அவர் எப்போது வருவாரோ என்று விளக்குப் போடவும் பயம். இருட்டில் தண்ணீர் எடுக்கப் போன அம்மா முக்காலியில் இடறி விழுந்தாள். கை அடியில் மாட்டிக்கொண்டது, நெற்றி சுவரில் பட்டு இரத்தம். துணி துவைக்கும்போது வழுக்கிவிட்டது என்று உன்னிடம் சொன்னது பொய், மன்னித்துக்கொள். நான் அவளைத் தூக்கி உட்கார வைத்த அதே நேரம் கதவில் மூன்று தட்டு. நான் வாயைத் திறந்தேன். அம்மா நல்ல கையால் என் வாயைப் பொத்தினாள். "கத்தாதீங்க, இப்பப் போயிடுவார்" என்றாள். அவள் நெற்றியிலிருந்து வடிந்தது என் கைமேல் சொட்டுகிறது, அவள் வெளியே இருப்பவருக்குப் பயப்படுகிறாள். அந்த நிமிடம் எனக்கு என் மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அவள் கையை எடுத்துவிட்டு, "சார், போயிடாதீங்க, நாங்க உள்ளதான் இருக்கோம்" என்று சத்தம் போட்டேன். வெளியே தட்டுவது நின்றது. பிறகு, "தெரியும் பெரியவரே, எட்டு மாசமாத் தெரியும். ரெண்டு ஜோடி செருப்பும் வாசல்லயே கிடக்குதே" என்றார்.

ஏழு லிவர் பூட்டுப் போட்டவன் செருப்பை மறந்துவிட்டேன். அம்மாவுக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது. குடைக்காரர் கல்லால் அடித்துப் பார்த்தார், தோளால் இடித்துப் பார்த்தார், பூட்டு என் பேச்சைக் காப்பாற்றியது. அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, "யாருங்க இந்தப் பூட்டைப் போட்டது" என்று கேட்டார். நான்தான் என்றேன். "நல்லாப் போட்டீங்க" என்றார். பிறகு நான் கருவிப் பெட்டியை எடுத்தேன். பல் வெட்டாத ஒரு சாவியை மெழுகுவர்த்திப் புகையில் காட்டிக் கரியேற்றி, ஜன்னல் கம்பி வழியாக அவரிடம் கொடுத்து, பூட்டுக்குள் விட்டு மெதுவாகத் திருப்பச் சொன்னேன். உள்ளே லிவர் உரசிய இடத்தில் கரி அழிந்திருக்கும், அந்த இடத்தை அரத்தால் ராவுவேன், மறுபடி கரி, மறுபடி அவர் கை. நான் முரட்டுத்தனமாகத் திருப்பாதீர்கள் என்று அதட்டுகிறேன், கடன் வாங்கியவன் வசூல்காரரை அதட்டுகிறேன், அவரும் சரிங்க சரிங்க என்கிறார். பதினோரு தடவை அந்தச் சாவி கம்பி வழியாகப் போய் வந்தது. பூட்டுத் திறந்தபோது அவர் வெள்ளைச் சட்டையில் வெள்ளை என்று சொல்ல ஒரு இடம் இல்லை. அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அவரும் வந்தார்.

அங்கே வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது, ஏன் எட்டு மாதமாக எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன். "வீடு பூட்டியிருக்குன்னு எழுதினேன், அது பொய் இல்லையே" என்றார். பிறகு அவர்தான் கேட்டார். "கதவுக்கு அடியில மாசா மாசம் காகிதம் போட்டேனே, ஆபீசுக்கு வந்து நிலைமையைச் சொன்னா தவணையைக் குறைப்பாங்கன்னு அதுல எழுதியிருக்கே, படிக்கலையா?" நான் எப்போதும் சொல்கிற பதிலையே சொன்னேன், கண்ணாடி உடைந்துவிட்டது என்று. உனக்கு நினைவிருக்கும், உன் பள்ளிக்கூடத்து ரிப்போர்ட் கார்டுக்கும் அந்தக் கண்ணாடிதான் உடைந்திருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்த எட்டுக் காகிதத்தையும் நான் என்ன செய்திருந்தேன் தெரியுமா, மடித்து, ஆடுகிற அலமாரியின் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தேன். எங்களைக் காப்பாற்றும் வழி எட்டு மாதம் அலமாரிக்கு அடியில் கிடந்தது. அடுத்த வாரமே நர்ஸம்மாவிடம் போய்ச் சேர்ந்தேன். குடைக்காரர் பேசி மூன்று மாத அவகாசம் வாங்கிக் கொடுத்தார், மாதம் கொஞ்சம் கட்டினேன். அதற்குள் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்துவிட்டது, அந்த எட்டையும் எடுத்துப் படித்தேன். அலமாரி இப்போது மறுபடி ஆடுகிறது, ஆடட்டும்.

பிறகு நானே அந்த ஆபீசுக்குப் போனேன். தவணையைப் பாதியாகக் குறைக்கச் சம்மதித்தார்கள். மேஜையில் இருந்தவர் மூன்று பக்கத்தை நீட்டி, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, கைநாட்டு வச்சிடுங்க, முடிஞ்சுது" என்றார். இருங்கள், படித்துவிடுகிறேன் என்றேன். "பின்னால ஆளுங்க நிக்கிறாங்க பெரியவரே" என்றார். எனக்கு அவசரமில்லை, அவர்களைப் பாருங்கள் என்று ஓரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்து விரல் வைத்துப் படித்தேன். இரண்டாம் பக்கத்தில் உன் பெயர் இருந்தது. அம்மாடி, அச்சில் உன் பெயரை என் கண்ணால் நான் படித்தது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் பக்கத்து நாற்காலிக்காரரிடம், இது என் மகள் என்று காட்டினேன். அப்புறம்தான் அதற்கு மேலே இருந்த வரியைப் படித்தேன். நான் கட்டாவிட்டால் பாக்கியைக் கட்ட வேண்டியவர் என்று இருந்தது. எழுந்து போய் இது எப்படி வந்தது என்று கேட்டேன். "பொண்ணு வெளிநாட்டுல வேலை பார்க்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க, சும்மா வழக்கத்துக்குப் போடுறது, அவங்க கையெழுத்தைத் தபால்ல வாங்கிக்குவோம்" என்றார். கடன் வாங்கின கை இது, கட்டுற கையும் இதுதான், அவள் பெயரை எடுங்கள் என்றேன். எடுக்காவிட்டால் என்று அவர் இழுத்தார். சாயங்காலம் வகுப்புக்குத்தான் போகணும், அதுவரைக்கும் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். மத்தியானம் புதுக் காகிதம் வந்தது. அதையும் முதல் வரியிலிருந்து படித்தேன், அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு கையெழுத்துப் போட்டேன், அது கோடு தாண்டி அடுத்த கட்டத்துக்குள் போய்விட்டது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், உன் கடனுக்குக் காரணம் என்ன என்று அம்மா கண்டுபிடித்துவிட்டாள். நாம அவளுக்காக வாங்கினதை அவகிட்ட மறைச்சோம், அவ நமக்காக வாங்கினதை நம்மகிட்ட மறைக்கிறா என்றாள். அம்மாவின் கைக்கட்டுக்கு நீ அனுப்பிய பணம் கடன் வாங்கியதுதானே. உண்மையாக இருந்தால் ஒளியாதே கண்ணு. கதவைத் திற, ஆனால் சங்கிலியைக் கழற்றாதே, இது பூட்டுக்காரன் புத்தி. வந்தவரின் அடையாள அட்டையைக் கேட்டுப் பார். எல்லோரும் நம் குடைக்காரரைப் போல இருக்க மாட்டார்கள், மிரட்டினால் கதவைச் சாத்திவிட்டுப் போலீசைக் கூப்பிடு, கடன் வாங்கியது குற்றம் இல்லை. பயத்தில் முடியாத தொகைக்குத் தலையாட்டாதே, முடிந்ததைச் சொல், கொடுத்ததற்கு ரசீது வாங்கு. காகிதம் வந்தால் கடைசி வரி வரைக்கும் படி, உன்னைப் படிக்க வைத்ததே அதற்குத்தான். இந்த மாதத்திலிருந்து உன் கடன் தீரும்வரை எங்களுக்கு ஒரு காசும் அனுப்பாதே. அனுப்பினால் திருப்பி அனுப்புகிற படிவத்தை நிரப்ப இப்போது எனக்குத் தெரியும். வேளைக்குச் சாப்பிடு, அதில் மிச்சம் பிடிக்காதே.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, இன்னுமா முடியவில்லை, கல்வெட்டா செதுக்குகிறீர்கள் என்கிறாள். அவளுடைய முத்தங்களும் என் ஆசியும் உனக்கு எப்போதும் துணை இருக்கட்டும், உன் கையில் எடுத்தது எல்லாம் துலங்கட்டும். எவ்வளவு பாக்கி என்று மறைக்காமல் எழுது, நான் இரண்டு தடவை படிப்பேன். ஒன்று மட்டும் மறக்காதே. நீ எங்களைவிடப் புத்திசாலி, அதனால் செருப்பை உள்ளே எடுத்து வைத்திருப்பாய். கடிதத்தை மடித்து வைத்ததும் செருப்பை எடுத்து வாசலில் போடு.

இப்படிக்கு,
கைநாட்டு இல்லாமல், கையெழுத்துப் போட்டு,
உன் அப்பா