பாவாடையில் தார்க்கறை

கிங்ஸ்டவுன், அயர்லாந்து
14 ஜூலை 1889

அன்புத் தோழி ஜார்ஜினாவுக்கு,

ஹெஸ்டர் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். நியூசிலாந்துக் குளிர் உனக்கு ஒத்துக்கொண்டதா? அம்மாவுக்கு முழங்கால் வலி. வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. "இருபத்தஞ்சு வயசாச்சு, இன்னும் பந்து பின்னாடி ஓடிட்டிருக்கா"ன்னு பாதிரியாரிடமே புலம்புகிறாள்.

போன சனிக்கிழமை டென்னிஸ் இறுதி ஆட்டத்தில் மறுபடி ஜெயித்தேன். பத்திரிகையில் என் தொப்பியைப் பற்றி ஆறு வரி, ஆட்டத்தைப் பற்றி ஒரு வரி. தொடர்ந்து மூன்று வருடம் ஜெயித்தவளுக்குக் கோப்பை சொந்தம் என்பது நம் கிளப் வழக்கம். வீட்டுக்கே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

ஜார்ஜி, அந்த மூன்றில் முதலாவது என்னுடையது அல்ல.

இரண்டு வருடத்துக்கு முந்தைய நம் இறுதி ஆட்டம். மூன்றாவது செட், கடைசிப் புள்ளி. நீ வலைக்குப் பக்கத்தில் போட்ட பந்தை ஓடிவந்து உன் தலைக்கு மேலே தூக்கி அடித்தேனே, அப்போது காற்றில் என் பாவாடை வலையில் பட்டது. சும்மா உரசவில்லை, நன்றாகவே பட்டது. உடை பட்டாலும் புள்ளி போய்விடும் என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நீ பின்னால் திரும்பிப் பந்தைத் துரத்திக்கொண்டிருந்தாய். நடுவர் பந்தைத்தான் பார்த்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் எங்கள் வேலைக்காரி பிரைடி பாவாடையைத் தூக்கிக் காட்டி, "என்னம்மா இது, வலைக்குப் பூசற தார் இம்மாம் அப்பிக் கெடக்கு? வெண்ணெய் போட்டுத் தேச்சாத்தான் போவும்" என்றாள். தேய்த்தாள், போய்விட்டது.

புள்ளி உனக்குப் போயிருந்தாலும் நீதான் ஜெயித்திருப்பாய் என்று நிச்சயமில்லை. அப்படிச் சொல்லித்தான் இவ்வளவு நாள் என்னைத் தேற்றிக்கொண்டேன். பொய்யடி. எனக்குக் கால் நடுங்கிக்கொண்டிருந்தது, உனக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. "கோப்பையோட வந்தா இன்னும் ஒரு வருஷம் ஆடு. இல்லேன்னா கப்பலேறி நியூசிலாந்துக்கு டீச்சர் வேலைக்குப் போ" என்று உன் சித்தப்பா சொன்னதை, அன்று காலைதான் உடை மாற்றும் அறையில் நீ என்னிடம் சொன்னாய். தெரிந்தே செய்தேன். அங்கே வலை கட்டச் சமதரைகூட இல்லை, மட்டை ஆணியில் தொங்குகிறது என்று நீ எழுதியிருந்த கடிதத்தைப் படித்துவிட்டு, பதிலுக்கு வானிலையைப் பற்றி எழுதினேன். எனக்கு வெட்கமே இல்லை.

திங்கட்கிழமை கிளப் செயலாளர் கேப்டன் ஃபென்விக்கிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மனுஷன் முகம் செக்கச்செவேல் என்றாகிவிட்டது. "ஐயய்யோ, ஒரு பொம்பளையோட பாவாடையைப் பத்திக் கமிட்டியில எப்படிங்க பேசறது? நடுவர் சொன்னது சொன்னதுதான். வீட்டுக்குப் போய் டீ குடிங்க" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார். படியிறங்கும்போது எனக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அதனால் இதோடு இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். நடந்ததை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நானே பத்திரிகைக்கு அனுப்ப இரண்டு தடவை தபால் நிலையம்வரை போய்த் திரும்பிவிட்டேன். கோழை. நீ அனுப்பு. அனுப்பினால் என்னை இனி எந்தக் கிளப்பிலும் சேர்க்கமாட்டார்கள். அம்மா வெளியே தலைகாட்டமாட்டாள். பரவாயில்லை, அனுப்பு. கிழித்துப் போட்டாலும் உன் இஷ்டம்.

ஆனால் உன் குணம் எனக்குத் தெரியும், அதுதான் பயமாக இருக்கிறது. திட்டு, சபி, பதிலே போடாமல் இரு. "போகட்டும் ஹெஸ்டர், விளையாட்டுதானே" என்று மட்டும் எழுதிவிடாதே. உன் காலில் விழுகிறேன், அதை மட்டும் எழுதாதே.

கடவுள் உன்னை நன்றாக வைக்கட்டும்.

ஹெஸ்டர்