பஞ்சாங்கத்தில் இல்லாத விரதங்கள்

நேற்று கூட்டத்துக்கு வந்தவர்கள் ஐந்து பேர். நான், தறி நெய்கிற சுகுமார், பார்மசி படிக்கிற நஸீமா, சாப்பாடு டெலிவரி செய்கிற கதிர், கூரத்திலிருந்து மூன்று மாதமாக வரும் தாரணி. தாரணியின் அம்மா கீழே என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவரை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. வயிற்றில் பை வைத்திருப்பவர்கள் மட்டும்தான் மாடிக்கு வரலாம் என்பது நீ போட்ட விதி. உன்னையும் சேர்க்கவில்லை. ஆனால் நோட்டில் எழுதும்போது கை பழக்கத்தில் உன் பெயரைத்தான் முதலில் எழுதியது. அடித்துவிட்டு என் பெயரிலிருந்து ஆரம்பித்தேன்.

ஐந்து தம்ளர் மோர் கரைத்திருந்தேன். உப்பு தூக்கலாக, பெருங்காயம் போட்டு. நான்கு தம்ளர் காலியாகத் திரும்பின. ஒன்று ஊற்றியபடியே வந்தது.

"இன்னிக்கு விரதம்க்கா" என்றாள் தாரணி.

அந்தத் தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படியிலேயே நின்றுவிட்டேன். பெருங்காய மணம் மூக்கில் ஏறியது. இதே மணத்தோடு நீ என் முன்னால் ஒரு தம்ளரை நீட்டினாய், இதே வார்த்தையை நான் சொன்னேன். குரல்கூட அப்படியேதான் இருந்தது. கொஞ்சம் பெருமை, கொஞ்சம் அவசரம், இதற்குமேல் யாரும் கேட்டுவிடக் கூடாதே என்ற தவிப்பு. நேற்றிலிருந்து என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. விளக்கேற்றினால் மனம் நாமத்தில் நிற்கவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

நான் முதன்முதலில் உன்னைப் பார்த்தது ஆஸ்பத்திரி வராந்தாவில். என் பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலின் நுனியை வயிற்றில் 'ஸ்டோமா' என்கிற வாயாகத் திறந்து, அதன்மேல் பை ஒட்டி அனுப்பியிருந்தார்கள். நான் முந்தானையை இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றேன். நீ பட்டுக்கடை யூனிபார்ம் புடவையோடு நேராக வந்து, "எந்தப் பக்கம்க்கா? எனக்கு இடது" என்றாய், வீட்டு நம்பர் கேட்பதைப்போல. இளைஞர்களுக்கென்று கூட்டம் நடத்துவதாகச் சொன்னாய். எனக்கு முப்பத்திநாலு வயதாகிறதே என்றேன். "உனக்குத்தான் முப்பத்திநாலு. உன் ஸ்டோமாவுக்கு இன்னும் ரெண்டு மாசம்கூட ஆகல. வா."

கூட்டத்துக்கு மண்டபம் வேண்டாம், தாழ்ப்பாள் சரியாக விழுகிற கழிவறைதான் வேண்டும் என்று சின்ன காஞ்சிபுரத்தில் ஆறு வீடு பார்த்தாய். என் வீட்டு மாடியில் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுத் திறந்தாய், குழாயைத் திருகினாய், "இதுதான் நம்ம ஆபீஸ்" என்றாய். அன்றே விதிகளைச் சொன்னாய். முதல் விதி, இங்கே பேசுவது படி தாண்டக் கூடாது.

கடையில் பை சத்தம் போட்டால் என்ன செய்வாய் என்று கதிர் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? "சத்தம் வருதுன்னு தெரிஞ்சா ஒரு புடவைய எடுத்து உதறுவேன். அசல் பட்டு, நல்லா சரசரக்கும். அந்தம்மா விலை கேப்பாங்க. அப்படியே நாலு புடவை வித்துக்கீறேன்." கதிர் சிரித்துச் சிரித்துத் தன் பையைப் பிடித்துக்கொண்டான்.

எட்டாவதோடு நின்றவள் நான். அகராதியை வைத்துக்கொண்டு பையோடு வந்த காகிதத்தைப் படித்தேன். புரிந்ததை எல்லாம் நோட்டில் எழுதினேன். எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன், எத்தனை தம்ளர் தண்ணீர், பை எப்போது நிரம்பியது, எத்தனை நாள் ஒட்டி நின்றது. பிறகு எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு பக்கம் போட்டேன். நீதான் 'நோட்டு அக்கா' என்று பெயர் வைத்தாய். அந்த நோட்டுதான் என்னைக் காட்டிக் கொடுத்தது.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய வைகாசி. கருட சேவைக்கு இரண்டு நாள் இருந்தது. நான் மோரை மறுத்ததும் நீ நோட்டில் என் பக்கத்தைத் திருப்பினாய். விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் பின்னால் போனாய்.

"யக்கா, நாத்தனார் பொண்ணு வளைகாப்புக்கு முன்னால ரெண்டு நாள் விரதம். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு முன்னால ஒரு நாள் விரதம். மெட்ராஸ் போறதுக்கு முன்னால மூணு நாள். பஞ்சாங்கத்துல இல்லாத விரதம் எல்லாம் உன் நோட்டுல இருக்குதே?"

"சாமி விஷயத்துல விளையாடாத."

"நான் வெளையாடல. கூட்டத்துல பை ரொம்பிடுமோன்னு நீ பட்டினி கெடக்குற. பெருமாளுக்குத் தெரியாம வயித்தக் காலி பண்ணிக்கினு அவரையே பாக்கப் போறியா? இது விரதமா, பயமாக்கா?"

நோட்டைப் பிடுங்கிக்கொண்டேன். இனிமேல் என் வீட்டுப் பூஜையைப் பற்றிப் பேசாதே என்றேன். நீ போய்விட்டாய். உன் வீட்டுக்கு அல்ல, நேராக என் வீட்டுக்காரரின் மாவு மில்லுக்குப் போனாய்.

அவர் அன்று சாயங்காலமே ஆட்டோவோடு வந்து என்னை ஆஸ்பத்திரியில் போட்டார். பெருங்குடல் இல்லாத உடம்பு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் உப்பையும் நீரையும் வெளியே தள்ளிக்கொண்டேதான் இருக்கும், இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் சிறுநீரகம் நின்றிருக்கும் என்றார் டாக்டர். கருட சேவை அன்று கையில் டிரிப்ஸ் ஊசியோடு படுத்துக்கொண்டு வாத்தியச் சத்தத்தை போனில் கேட்டேன்.

நீ என் உயிரைக் காப்பாற்றினாய். இதை எழுதவே எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. அன்று எனக்குத் தெரிந்தது வேறு. மில்லில் அரிசி அரைக்க வந்த மூன்று பெண்கள் நின்றிருக்கும்போது என் பையையும் பட்டினியையும் பற்றி நீ சொல்லியிருக்கிறாய். அவசரத்தில் அவர்களைப் பார்த்திருக்க மாட்டாய். நான் வீடு திரும்பிய வாரமே எதிர்வீட்டு அம்மா, "இன்னாமா, வயித்துல பையாமே? மடியெல்லாம் எப்படிப் பாக்குற?" என்று வாசலில் வைத்துக் கேட்டார். அதன்பிறகு அவர் வீட்டு வெற்றிலை பாக்குக்கு எனக்கு அழைப்பு வரவில்லை. ஆடியில் நீ வந்து கூப்பிட்டபோது, பூஜையில் இருக்கிறேன் என்று ஜன்னல் வழியாகச் சொல்லி அனுப்பினேன். பூஜையில் இல்லை. காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

கார்த்திகையில்தான் கேள்விப்பட்டேன், உன் குடலில் இருந்த புற்றுக்கட்டி ஈரலுக்குப் பரவிவிட்டதென்று. ஓடி வந்தேன். கண்ணைத் திறந்து, "நோட்டு எங்கக்கா? என் பக்கத்துலயும் எழுது, அரை தம்ளர் கஞ்சி" என்றாய். எழுதினேன். மில்லைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மன்னிப்பு கேட்க வேண்டியது நீயா நானா என்று நான் மனதில் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போதே மார்கழி வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது.

பிறகு ஒரு நாள் உட்கார்ந்து எண்ணினேன். நோட்டில் 'விரதம்' என்று எழுதிய நாட்கள் பதினேழு. உண்மையான விரதம் நான்கு.

தாரணிக்கு வருகிறேன். கூட்டம் முடிந்ததும் அவளைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூப்பிட்டேன். உதடு வெடித்திருந்தது. நின்றபடியே கெண்டைக்காலை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"எப்பலருந்து விரதம்?"

"வெள்ளிக்கிழமைலருந்து. ராத்திரி ஒரு வாழைப்பழம் சாப்புடுறேன்."

"தண்ணி?"

"தொண்டைய நனைச்சுக்கறேன்."

"எந்த சாமிக்கு?"

அவள் தொட்டியைப் பார்த்தாள். "வியாழக்கிழமை அண்ணனுக்கு ரிசப்ஷன்க்கா. அண்ணி வீட்ல யாருக்கும் என் விஷயம் தெரியாது. ஸ்டேஜ்ல மூணு மணி நேரம் நிக்கணும். பை ஊதிக்கினு டிரஸ்ல தெரிஞ்சா? கழண்டுட்டா?"

என் நோட்டுக் கதையை அவளிடம் சொன்னேன். பதினேழு, நான்கு என்ற எண்ணிக்கையைக்கூடச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. சொன்னீங்கன்னா நான் இனிமே வரவே மாட்டேன். இங்க பேசுறது படி தாண்டாதுன்னு முதல் நாளே நீங்கதானே சொன்னீங்க?"

உன் விதி. என் வாயால் படித்துக் காட்டியது.

கீழே இறங்கினேன். அவள் அம்மா எழுந்து கும்பிட்டார். "ஆபரேஷனுக்கு அப்பறம் எம்பொண்ணுக்கு ரொம்ப பக்தி வந்துடுச்சுங்க. வாரத்துல மூணு நாள் பட்டினி. எல்லாம் உங்க வீட்டுக்கு வர்ற ராசி." உப்பும் சர்க்கரையும் கலந்த பாக்கெட் நான்கு கொடுத்து, தண்ணீரில் கரைத்து இன்றே குடிக்க வையுங்கள் என்றேன். "விரதம் முடிஞ்சதும் குடுக்கறேங்க" என்று அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கைப்பையில் வைத்தார்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. தாரணி படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் அவளுக்கு இருக்கிற ஒரே மாடி போய்விடும். சொல்லாவிட்டால் கல்யாணத்துக்குள் என்ன ஆகுமோ. நீ மில்லுக்கு நடந்தபோது உனக்கும் இப்படித்தான் இருந்ததா? என்னை இழந்துவிடுவோம் என்று தெரிந்தே நடந்தாயா, அல்லது நான் இரண்டு நாளில் சமாதானமாகிவிடுவேன் என்று நம்பினாயா? உன்னிடம் கேட்க எனக்கு ஆறு மாதம் இருந்தது. நான் கேட்கவில்லை.

இன்று காலை ஆஸ்பத்திரி நர்ஸுக்கு போன் செய்தேன். தாரணி பெயரைச் சொல்லாமல் கேட்டேன். கால் இழுக்கிறது என்றால் நாளைவரை காத்திருக்காதீர்கள், இன்றே அழைத்து வாருங்கள் என்றார். தாரணிக்கு இரண்டு முறை போன் செய்தேன். இரண்டு முறையும் துண்டித்தாள். நஸீமாவைக் கூப்பிட்டேன். "நீங்க போங்கக்கா. வியாழக்கிழமை என்னைத் தாரணியோட காலேஜ் பிரெண்டுன்னு சொல்லி மண்டபத்துக்குக் கூட்டினு போங்க, நான் பாத்ரூம் வாசல்ல நின்னுக்கறேன்" என்றாள்.

பெருமாள் முன்னால் ஐந்து நிமிஷம் நின்றேன். எனக்கு எந்த உத்தரவும் கிடைக்கவில்லை. ஆனால் ஒன்று விளங்கியது. இரண்டு வருஷமாக என்னைக் குடைந்தது நீ சொன்னதல்ல. எனக்குத் தெரியாமல் சொன்னதுதான். 'யக்கா, நான் மில்லுக்குப் போறேன், நீயும் வா' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தால், கத்தியிருப்பேன், உன்னை அடிக்கக்கூட வந்திருப்பேன். ஆனால் ஆடியில் கதவைத் திறந்திருப்பேன்.

ஆகையால் நீ செய்ததையே செய்யப் போகிறேன், நீ செய்யாமல் விட்டதையும் சேர்த்து. நான் உன் மேல் கொண்ட கோபத்தைத் தாரணி என் மேல் கொள்ளலாம். அது எத்தனை கனம் என்று எனக்குத் தெரியும். சுமக்க வேண்டியிருந்தால் சுமந்துகொள்கிறேன். அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியதை உனக்கும் அப்படியே எழுதுகிறேன்:

"தாரணி, நான் மூன்று மணி பஸ்ஸில் கூரம் வருகிறேன். உன் அம்மாவிடம் சொல்லத்தான் வருகிறேன். உன்னை வைத்துக்கொண்டுதான் சொல்வேன், உனக்குப் பின்னால் அல்ல. வேறு யார் காதுக்கும் போகாது. சொன்ன கையோடு நாம் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். வியாழக்கிழமை நஸீமாவும் நானும் மண்டபத்தில் இருப்போம். அதற்குப் பிறகு மாடிக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம். நீயே அம்மாவிடம் சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா? இப்போது மணி இரண்டேகால். சீக்கிரம் பதில் போடும்மா."