அடைக்கலத் தொட்டிக்குச் சேறு

மார்ச் 3

அன்பு மகள் சுண்டெலிக்கு,

அப்பா நலம். போனில் நான் "என்ன, என்ன" என்று கத்த, நீயும் கத்த, மேல்மாடிக்காரர் ஏதோ சண்டை என்று இறங்கி வந்துவிட்டார். என் காதுக்குக் காகிதம்தான் சரி.

மீன்தொட்டிக்குப் பெரிய வேலை ஒன்று வைத்திருக்கிறேன். அதன் கீழே அலமாரிக்குள் பாசி வளர்க்கும் சின்னத் தொட்டி இருக்கிறதே, உன் அம்மா அடைக்கலத் தொட்டி என்பாளே, அதன் அடியில் கடற்சேறு பரப்பப் போகிறேன். பாசி கொழுத்தால் மேலே தண்ணீர் சுத்தமாகும், பவளம் நன்றாக வளரும். பம்பை நிறுத்திவிட்டு, கலங்காமல் மெதுவாகப் போட வேண்டும். நான்கு விரற்கடைக்கு மேல் கூடாதாம். "அதிகமா போட்டா அடியில அழுகிடும் சார். முட்டை நாத்தம் வந்துச்சுன்னா மேல ஒரு மீனும் தங்காது" என்றார் சேறு விற்ற கடைக்காரர். லிஃப்ட் மெக்கானிக்குக்கே அளவு சொல்கிறார் பார்.

இன்று பாதிப் பை போட்டாயிற்று. மீதி அடுத்த வாரம். உன் அம்மா போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகியும், மேனேஜர் என்று அவள் பெயர் வைத்த அந்தக் கோமாளி மீன் இன்னும் கண்ணாடியோரம் நின்று என்னை வேலை வாங்குகிறது.

அன்புடன்,
அப்பா

மார்ச் 10

அன்புள்ள அப்பா,

சாப்பிட்டீர்களா என்று கேட்டால் மீன்தொட்டிக் கதையை எழுதுகிறீர்கள். உங்கள் மருமகன் உங்களுக்காகப் பின்னறையைக் காலி செய்து வைத்திருக்கிறார். வரமாட்டேன் என்று எழுதிவிடாதீர்கள், ஒருமுறை வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பம்பை நிறுத்தினேன் என்று எழுதினீர்கள். மறுபடி ஓடவிட்டதாக எழுதவில்லையே.

சுண்டெலி

மார்ச் 19

அன்பு மகளுக்கு,

அப்பா நலம். உன்னிடம் இன்னும் சொல்லவில்லை, மீன்தொட்டிக்குப் பெரிய வேலை ஒன்று வைத்திருக்கிறேன். கீழே அடைக்கலத் தொட்டியில் கடற்சேறு பரப்பப் போகிறேன். நான்கு விரற்கடைக்கு மேல் கூடாதாம். பம்பை நிறுத்திவிட்டு இன்று பாதிப் பை போட்டாயிற்று.

மீன்களுக்கு ஏனோ அகோரப் பசி. எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. கூடுதலாகத் தீனி போட்டேன்.

அப்பா

மார்ச் 26

அன்புள்ள அப்பா,

இதை முன்பே எழுதிவிட்டீர்கள். அந்தப் பாதிப் பையை முன்பே போட்டுவிட்டீர்கள். மீன்களுக்குப் பசியில்லை, மூச்சு முட்டுகிறது. இதைப் படித்த கையோடு எழுந்து போய்ப் பம்பைப் போடுங்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா. மேல்மாடிக்காரரைப் போனில் பிடித்தேன். "நல்லாத்தாம்மா இருக்காரு. லிஃப்ட்லதான் மேலயும் கீழயும் போயிட்டே இருக்காரு. எந்த மாடி சார்னு கேட்டா சிரிக்கிறாரு" என்றார். அதன்பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. பின்னறையில் உங்கள் தொட்டிக்கும் இடம் இருக்கிறது.

சுண்டெலி

ஏப்ரல் 4

மகளுக்கு,

எனக்கு மறதி என்று யார் உன்னிடம் ஓதியது? முப்பது வருடம் ஆட்களை ஏற்றி இறக்கிய லிஃப்டுகளைப் பார்த்துக்கொண்டவன் நான். பின்னறைப் பேச்சை இத்தோடு விடு.

வீட்டில் ஒரு வாடை. சாக்கடை அடைத்திருக்கும் என்று பிளம்பரைக் கூப்பிட்டேன். வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு அலமாரியையே பார்த்தார். திறந்தால் சேறு ஒரு சாண் நிற்கிறது, கறுப்பாக. நான் போட்டது பாதிப் பை. நான் இல்லாத நேரம் யாரோ வந்து போடுகிறார்கள். பூட்டை மாற்றிவிட்டேன்.

மேனேஜரைக் காணோம். அம்மா வரட்டும், அவளைக் கேட்டால் தெரியும்.

அப்பா

ஏப்ரல் 11

கடைக்காரர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கடைக்கு வரத்தான் கிளம்பினேன், தெரு பிடிபடவில்லை. விலாசம் மட்டும் கைக்கு நன்றாகப் பழகியிருக்கிறது, அதனால் எழுதுகிறேன். கடற்சேறு ஒரு பை அனுப்புங்கள். இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. மீன்கள் அசையாமல் படுத்திருக்கின்றன, சேறு போட்டால் தெளிந்துவிடும்.

ஓர் உதவி. எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், சின்னப் பெண், சீக்கிரம் பயந்துவிடுவாள். அவள் கேட்டு வந்தால் தொட்டி நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். எனக்குச் சில நேரம் கொஞ்சம் தடுமாறுகிறது என்பதைச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
லிஃப்ட் மெக்கானிக்

ஏப்ரல் 15

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதம் சரியான விலாசத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. சேற்றுப் பையை வெள்ளிக்கிழமை நானே கொண்டு வருகிறேன். அதுவரை அலமாரியைத் திறக்க வேண்டாம். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.

மணி அடித்தால் உங்களுக்குக் கேட்காது, என்னிடம் இருப்பதும் பழைய பூட்டின் சாவிதான். அதனால் அன்று காலை கதவைத் தாழிடாமல் வையுங்கள். முகம் தெரியவில்லை என்றாலும் உள்ளே விடுங்கள். கையில் பை இருக்கும், கடைக்காரர் என்று தெரிந்துகொள்ளலாம்.

மீன்களுக்குத் தீனி வேண்டாம். நீங்கள் சாப்பிடுங்கள்.

உங்கள் மகளிடம் எதுவும் சொல்லமாட்டேன்.

இப்படிக்கு,
கடைக்காரர்