தம் கட்டாதே, கண்ணு

அக்கா,

இன்று காலை பனியன் கம்பெனியில் எலாஸ்டிக் ரோல் வந்து இறங்கியது. பெட்டியைப் பிரித்ததும் அடித்த ரப்பர் வாசம் நேராக என்னைக் கொண்டுபோய்ப் பாண்டிச்சேரி நீச்சல் குளத்தில் தள்ளிவிட்டது. முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிக் கடலுக்குள் இறங்கும் ஸ்கூபா பழக நம் முகத்தில் மாட்டிய கண்ணாடிக்கும் இதே வாசம்தான்.

செக்கிங் டேபிளில் எதிரெதிரே நின்று பனியன் புரட்டிய நம் இருவரையும் கடலுக்கடியில் அனுப்ப ஏற்பாடு செய்தவள் உங்கள் மகள். வாளித் தண்ணீரைத் தாண்டி எதிலும் இறங்காத உங்களுக்கு அப்படியொரு ஆசை. "மீனைச் சட்டியில பாத்தாச்சு. அதோட ஊட்டுல ஒருக்காப் பாக்கோணும்" என்பீர்கள்.

நான் பொங்கலூர்க் கிணற்றில் குதித்து வளர்ந்தவள். "முழுகினா சொல்லுங்க்கா, சடையைப் புடிச்சு இழுத்துக்கறேன்" என்று பஸ்ஸில் வழியெல்லாம் உங்களை ஓட்டினேன். நீங்களோ அங்கே கொடுத்த ரப்பர் உடுப்பைத் திருப்பிப் பார்த்து, "அக்குள்ல தையல் விட்டிருக்குது. நானா இருந்தா பாஸ் பண்ணமாட்டேன்" என்றீர்கள்.

குளத்தில் மாட்டிக்கொண்டது நான்தான். கிணற்றில் தம் கட்டுவதுதானே வித்தை? சொல்லிக்கொடுத்த தம்பி, "இதுல மூச்சை அடக்கவே கூடாதுங்க. அடக்கிட்டு மேல வந்தா உள்ள இருக்கிற காத்து விரிஞ்சு நுரையீரலைக் கிழிச்சிடும்" என்றார். எனக்குப் புரிந்தது, என் நெஞ்சுக்குப் புரியவில்லை. தலை நனைந்ததும் மூச்சு தானாக நின்றது. இப்படியே இருந்தால் கடலுக்கு உங்களை மட்டும்தான் கூட்டிப்போக முடியும் என்றார்.

"அவ இல்லாம நான் வரலீங்க" என்று நீங்கள் கரையேறி உட்கார்ந்துவிட்டீர்கள். எனக்குச் சுருக்கென்றது. என்னால் உங்கள் மீன் போகப்போகிறதே!

கொஞ்ச நேரத்தில் நீங்களே இறங்கி வந்தீர்கள்.

"நிட்டிங் மெஷின்ல நூலு நின்னா என்னாகும் கண்ணு?"

"துணியில ஓட்டை உளுந்துருமுங்க்கா."

"அப்ப நிறுத்தாத."

தண்ணீருக்குள் என் உள்ளங்கையை அழுத்தினீர்கள், மூச்சை இழுத்தேன். விட்டீர்கள், விட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு ஓட ஆரம்பித்தது.

மறுநாள் கடலில் அந்தத் தம்பி சொன்னபடி மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி, காது வலிக்காமல் நிதானமாக இறங்கினோம். மஞ்சள் கோடு போட்ட மீன் ஒன்று உங்கள் முகத்தருகே வந்து நின்றது. படகேறியதும் நீங்கள் சொன்ன முதல் வார்த்தை: "மேலயும் கீழயும் என்னைய செக் பண்ணுச்சு, பாத்தியா? பாஸ் பண்ணிருச்சு!"

தூக்கத்திலேயே நீங்கள் போன அன்று, உங்கள் வாசலில் அழாமல் தம் கட்டி நின்றேன். உங்கள் மகள் வந்து கையைப் பிடித்தாள். அவள் உள்ளங்கையை அழுத்தினேன், விட்டேன். அதன்பிறகுதான் இருவருக்கும் அழுகை வந்தது.

இப்போதும் மனசு அடைத்தால் என் உள்ளங்கையை நானே அழுத்துகிறேன், விடுகிறேன். செக்கிங் டேபிளில் உங்கள் இடத்தில் நிற்கும் புதுப்பெண் அதைப் பார்த்துச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அவளை ஒருநாள் கிணற்றுக்குக் கூட்டிப்போகாமலா விடப்போகிறேன்? தண்ணீரைக் கண்டு மிரண்டால் அவளும் இந்தக் கையைத்தான் பிடிப்பாள்.