தண்டவாளத்தின் மேல் நின்ற வண்டி

இல்லை பாப்பா, அப்பா எதையும் மறக்கவில்லை. மறக்கிறார் என்று உனக்கும் எனக்கும் தோன்றியது, அவ்வளவுதான். இதைப் போனில் சொல்ல முடியாது, போன் அடித்தால் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். உடம்புக்கு இரண்டு பேருக்கும் குறை ஒன்றும் இல்லை, நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருந்தால் போதும். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

முதலிலிருந்து சொல்கிறேன். மழை தொடங்கியபோது பிக்கப் வண்டி திக்கித் திக்கி ஓடியது. ஓர் இடத்தில் நிற்காததால் நாம் கொசு என்று கூப்பிடும் மெக்கானிக் வந்து, டீசல் ஃபில்டருக்கு அடியில் இருக்கும் திருகாணியைத் தளர்த்தி அரை டம்ளர் தண்ணீர் பிடித்துக் காட்டினார். டேங்க் மூடி வழியாக மழை இறங்குகிறது, புது மூடி கிடைக்கும்வரை பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பார்த்துக்கொண்டேன். பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி மூடிமேல் இழுத்து மாட்டி, பாலித்தீன் சுற்றி, நாம் துவைத்துக் கொடுக்கும் ஆஸ்பத்திரி விரிப்புகளை மூட்டை கட்டும் நாடாவால் இறுக்கினேன். அக்கா கட்டினால் கட்டுதான் என்று கொசுவே மெச்சினார். அதன் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. ஆனால் வண்டி அரை மணி நேரம் ஓடினால் இழுவை குறைந்து, மூச்சு முட்டினாற்போல் நிற்க ஆரம்பித்தது. கொசு வருவார், டீசல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்பார், டீசலை ஏற்றும் கைப் பம்ப்பை அழுத்துவார், வண்டி கிளம்பிவிடும். நான் திரும்பவும் கட்டிவிடுவேன். ஃபில்டரை மாற்றினார், பைப்பை மாற்றினார். அவர் பட்டறையில் வண்டி ஒரு நாளும் நிற்கவில்லை. வண்டி நல்லாத்தான் இருக்கு அண்ணே, ஓட்டுற ஆளைத்தான் கழட்டிப் பாக்கணும் என்று சிரித்தார். அப்பாவும் சிரித்தார்.

அதற்கு அடுத்த வாரம்தான் ரயில்வே கேட். பின்னால் மூட்டைகள், முன்னால் நாங்கள் இருவர். தண்டவாளத்தின் மேலேயே வண்டி நின்றுவிட்டது. அப்பா சாவியைத் திருப்பினார். திருப்பினார். மணி அடிக்க ஆரம்பித்தது. என் பக்கத்துக் கதவின் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் நான் திறந்த கதவு. கேட்காரரும் சைக்கிளில் வந்த இரண்டு பேரும் தள்ளிவிட்டார்கள். ரயில் போன காற்றில் மேல் மூட்டையின் முடிச்சு ஆடியது. அதை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் நீ போனில் கேட்டாய், அப்பா மறதியில் தானே வண்டியை அணைத்துவிட்டாரோ என்று. உன் வேலை அப்படி, நாளெல்லாம் மறதிக்காரர்களைக் குளிப்பாட்டி ஊட்டிவிடுகிறாய், கேட்காமல் எப்படி இருப்பாய். ஆனால் போன் ஸ்பீக்கரில் இருந்தது பாப்பா. அவர் கேட்டார். அன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அவரே நம்பத் தொடங்கினார். “நானே ஆஃப் பண்ணியிருப்பேனோ?” என்று சோற்றைப் பிசைந்தபடியே கேட்கிறார். நீ தினமும் தேதி கேட்கிறாய் அல்லவா, நீ கூப்பிடும் நேரத்துக்கு முன்னால் போய்க் காலண்டரைப் பார்த்து வாய்க்குள் சொல்லிக்கொள்கிறார். வாசல்வரை போய்விட்டு அடுப்பு அணைந்திருக்கிறதா என்று நான்கு முறை திரும்பி வருகிறார். சாவியை அவரே ஆணியில் மாட்டினார், இனி தொடமாட்டேன் என்றார். சனிக்கிழமை வண்டியை எடுத்துப்போக ஆள் வருவார் என்று நீ சொன்னதற்கும் சரி என்றுதான் சொன்னார். அந்தச் சரி எனக்கு ரயிலைவிடப் பயமாக இருந்தது.

நேற்றுக் காலை, பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று நான்தான் வண்டியை ஸ்டார்ட் செய்து ஓட விட்டேன். ஷெட்டில் உட்கார்ந்து விரிப்பு மடித்தேன். அப்பா கொல்லையில் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார், தொங்கும் வெள்ளைத் துணிக்குக் கீழே அவர் பாதங்கள் மட்டும் தெரிந்தன. முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். இன்ஜின் திணறி நின்றது. பாதங்கள் அங்கேயேதான் இருந்தன.

போய்ப் பார்த்தேன். மூடிமேல் ரப்பர் உள்பக்கமாக ஒட்டியிருந்தது, பல் போனவர் கன்னம் போல. நாடாவை அவிழ்த்து மூடியைத் திருகியதும் டேங்க் ஸ்ஸென்று நீளமாகக் காற்றை இழுத்தது. மூடியைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். நடுவில் ஊசி போகிற அளவுக்கு ஓர் ஓட்டை. டீசல் குறையக் குறைய அதன் வழியாகத்தான் காற்று உள்ளே போக வேண்டும், அதைத்தான் நான் அடைத்திருக்கிறேன். கொசு ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்ததால்தான் வண்டி கிளம்பியிருக்கிறது. கைப் பம்ப்பை இறுகும்வரை அழுத்தி, ரப்பர் இல்லாமல் ஓட விட்டேன். ஒன்றரை மணி நேரம் நிற்கவில்லை. ரப்பரைக் கட்டினேன். நின்றது.

தண்டவாளத்தில் வண்டியை நிறுத்தியது என் கைதான். பழியை இத்தனை நாள் அவர் சுமந்தார். திட்டுவார் என்று பயமில்லை. நம்பமாட்டார் என்றுதான் பயம். ஆறுதலுக்குச் சொல்றியா என்பார், தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி அடுப்பைப் பார்க்கப் போவார். வண்டிக்கு ஓட்டையைத் திறந்துவிடலாம், இவருக்கு எதைத் திறப்பது?

சனிக்கிழமை ஆளை வரவேண்டாம் என்று நீயே சொல்லிவிடு. இனி அவரிடம் தேதி கேட்காதே, வேறு எது வேண்டுமானாலும் கேள், என்ன சாப்பிட்டார் என்று கேள், திட்டு வேண்டுமானாலும் வாங்கு. குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. நீ எந்த வீட்டு வாசலில் நின்றாலும் நல்லதே உன் எதிரில் வரட்டும்.

உன் அம்மா

கடிதத்தை ஒட்டாமல் வைத்துவிட்டுப் போய் ரப்பரை மறுபடி இறுக்கிக் கட்டினேன். ஆணியிலிருந்து சாவியை எடுத்து அவர் கையில் வைத்து, “ஸ்டார்ட் பண்ணுங்க, பண்ணிட்டு இறங்கி என் பக்கத்துல உக்காருங்க” என்றேன். மூட்டைமேல் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். வண்டி நின்றதும், மூடியை அவரையே திறக்கச் சொன்னேன்.