ஒற்றைக்காலில் நின்ற ரோபோ

மாப்பிள்ளை,

இன்று காலை துறைமுகத்தில் ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு வஞ்சிரத்தைத் தூக்கினேன். செவுளைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோனால், மீன் வாசனைக்கு முன்னால் நெயில் பாலிஷ் வாசனை வருகிறது. மீன் மேல் தப்பில்லை. நேற்று என் கட்டைவிரல் ஓரத்தில் ஒட்டிய சிவப்பு இன்னும் போகவில்லை. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்தவன் பார்த்துவிட்டான்.

“என்னா மாமா, இந்த வயசுல நகத்துக்குச் சாயமா? அத்தைக்குத் தெரியுமா?”

“போடா, இது ரோபோவுக்கு வைத்தியம் பாத்த கை” என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கும். உங்களிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏலத்தில் போய் நின்றால் வீட்டுக்குப் போகத் தோன்றுகிறது, வீட்டுக்குப் போனால் ஏலத்துக்கு வரத் தோன்றுகிறது. அதனால் மீன் பெட்டி மேல் உட்கார்ந்தே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை இழந்துவிட்டது.

இரண்டாயிரத்து ஆறில் நாம் இருவரும் சிதம்பரம் போனோமே, அந்த நாள்தான் காலையிலிருந்து கண்ணிலேயே நிற்கிறது. என் தங்கையைக் கட்டிக்கொண்டு, மஞ்சக்குப்பத்தில் குடித்தனம் வைத்து, ஆபீஸ் உண்டு ஃபைல் உண்டு என்றிருந்த மனுஷன் நீங்கள். உங்களுக்குள் இப்படி ஒரு பைத்தியம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கீழ வீதியில் ஒரு ஃபேன்சி கடை. கண்ணாடிக்குள் ஒரு சாண் உயரத்தில், நீலமும் வெள்ளையுமாக, மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றது அந்த ரோபோ பொம்மை. சிங்கப்பூரிலிருந்து வந்தவர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது, ஜப்பான் சரக்கு என்றார் கடைக்காரர்.

நான் சும்மா இருப்பேனா? கண்ணைப் பார்த்தே மீன் எந்தக் கடலில், எந்த மனநிலையில் செத்தது என்று சொல்லுகிறவன். ரோபோவை வாங்கிக் கையைத் தூக்கி அக்குளை மோந்து பார்த்தேன். “நல்ல சரக்கு மாப்ளே. கெட்ட வாடை இல்ல” என்றேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. அதை என்னிடமிருந்து வாங்கி உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தீர்கள். நீலமும் வெள்ளையும் சேருமிடத்தில் பெயிண்ட் வழிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்தீர்கள். இரண்டு அச்சும் சேர்ந்த கோடு முதுகில் துருத்துகிறதா என்று நகத்தால் வருடினீர்கள். பிறகு முழங்காலைக் காதோரம் வைத்து மெல்ல மடக்கினீர்கள். டிக், டிக், டிக்.

“கேட்டீங்களா மச்சான்? ஒவ்வொரு மடிப்புக்கும் உள்ள ஒரு பல்லு இருக்கு. வழவழன்னு போனா டூப்ளிகேட்டு.”

“கேட்டுச்சு, கேட்டுச்சு. எனக்குத் தெருமுனையிலயே கேட்டுச்சு.”

கடைக்காரர் பொறுமை இழந்தார். “சார், பொம்மை வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?”

“பொண்ணு பாக்கப் போனப்ப இவ்ளோ நேரம் குடுக்கல இவுரு” என்று என்னைக் காட்டினீர்கள்.

கடைசிப் பரீட்சைதான் பெரிது. “ஊரு சிதம்பரம். இங்க நிக்கிறதுன்னா ஒத்தக்கால்லதான் நிக்கணும்” என்று சொல்லி, அதன் இடது காலைத் தூக்கிக் குறுக்கே வளைத்து, கைகளையும் கூத்தாடும் நிலைக்குத் திருப்பி, மேசை மேல் வைத்துக் கையை எடுத்தீர்கள். நின்றது! கடைக்காரர் டீயைக் குடித்து முடிக்கும்வரை நின்றது. வீதியில் போன தேரே ஒரு நிமிஷம் நின்று பார்த்தது என்று ஊரில் சொல்லிவருகிறேன். தேர் அன்றைக்கு நிலையில்தான் இருந்தது, அது வேறு விஷயம்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்தும் நீங்கள் விடவில்லை. “எடை மொத்தமும் இந்தக் குதிகாலுக்கு வரணும் மச்சான், இடுப்பு ஜாயிண்டு அதைப் பிடிச்சு வைக்கணும்” என்று விளக்கிக்கொண்டே, பேண்ட் சட்டையோடு, தோளில் ஆபீஸ் பையோடு, நீங்களே இடது காலைத் தூக்கி நின்றீர்கள். காட்டுமன்னார்கோயில் வண்டிக் கண்டக்டர் எட்டிப் பார்த்து, “சார், சீட்டு இருக்கு, உக்காந்தே வரலாம்” என்றார். பஸ் ஸ்டாண்டே சிரித்தது. நீங்கள் காலைக் கீழே வைக்கவில்லை.

அதன் பிறகு உங்கள் வீட்டு ஷோகேஸில் அதுதானே ராஜா. தினம் ஆபீசுக்குக் கிளம்பும் முன் கண்ணாடியைத் திறந்து ஏதாவது ஒரு நிலைக்கு மாற்றிவிட்டுப் போவீர்கள். விருந்தாள் வந்தால் மட்டும் ஒற்றைக்கால். “ஜாயிண்டைப் பாத்தீங்களா? குவாலிட்டி!” என்பீர்கள். “ஜப்பான்!” என்பேன் நான். ரோபோவை அங்கே செய்தவனுக்கே என்னைத் தெரியும் என்கிற தோரணையில்தான் சொல்வேன்.

போன வருஷம் அந்தக் காலையில் நெஞ்சை என்னவோ செய்கிறது என்று ஆட்டோ வரவழைத்தார்கள். ஆட்டோ வாசலில் நிற்கிறது, நீங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு உள்ளே திரும்பி வந்து, கண்ணாடியைத் திறந்து, அதை ஒற்றைக்காலில் நிறுத்தினீர்களாம். “டெஸ்ட் எடுத்துட்டு வந்துர்றேன். வந்து காலை மாத்துறேன்” என்றீர்களாம். தங்கச்சி சொன்னாள்.

நீங்கள் திரும்பி வரவில்லை. அதன் பிறகு அவள் அந்தக் கண்ணாடியைத் திறக்கவில்லை. வெளியிலிருந்து துடைப்பதோடு சரி. நீங்கள் கடைசியாகக் கை வைத்து நிறுத்தியது எதுவோ, அது அப்படியே இருக்கவேண்டும். வருஷக் கடைசியில் அடித்த புயலில் ஊரில் தென்னையும் மின்கம்பமும் சேர்ந்து படுத்தன. ரோபோ நின்றது. “புயலே உள்ள வந்து பாத்துட்டு, சரி நில்லுன்னு போயிடுச்சு” என்று நான் சொல்லாத ஆள் இல்லை.

புயலுக்கு நின்றது இந்த வெயிலுக்கு நிற்கவில்லை, மாப்பிள்ளை. போன வாரம் தங்கச்சி போன் செய்தாள். குரலே சரியில்லை.

“அண்ணே, அது சாயுது.”

போய்ப் பார்த்தேன். இடுப்பில் தளர்ந்து, கண்ணாடிப் பக்கமாக மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தது. விட்டால் விழுந்து உடையும். தொட்டால் நீங்கள் வைத்த நிலை போய்விடும். அவள் சமையலறைக்குப் போவாள், கரண்டியோடு திரும்பி வருவாள், பார்ப்பாள், மறுபடி போவாள். நான் உட்காருவேன், எழுவேன். ஒரு வாரமும் இதே கதை. மீன் எடை போடும்போதுகூட அது இன்னும் எவ்வளவு சாய்ந்திருக்கும் என்றுதான் நினைப்பு.

“பசை போட்டு ஒட்டிடலாமா?” என்றேன் நேற்று.

“ஒட்டினா அது வெறும் பொம்மைன்னு சொல்லுவாரு. வேணாம்.”

“அப்ப நான் பிரிச்சு டைட் பண்றேன். கம்மாபுரம் பக்கத்துல நிலக்கரிச் சுரங்கத்து மிஷினே என்னைக் கேட்டுத்தான் திரும்பும், தெரியுமா?”

“அண்ணே, சும்மா இரு.”

அவளே கண்ணாடியைத் திறந்தாள். கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தாள். என் கையில் கொடுத்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தாள்.

வலது காலை மெல்லத் திருகி இழுத்தேன். இடுப்பில் ஒரு குழி, காலின் நுனியில் ஓர் உருண்டை. அந்த உருண்டை சிவப்பாக இருந்தது. நீலமும் வெள்ளையுமான உடம்பில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், பளபளவென்று சிவப்பு.

“பாத்தியா? கம்பெனி பெயிண்டு. ஒரிஜினலுக்கு அடையாளமா ஜப்பான்காரன் இப்படி உள்ள வைப்பான்” என்றேன்.

அவள் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள். ஓர் அடுக்கு உரிந்தது, அடியில் இன்னோர் அடுக்கு.

“அண்ணே, இது என்னோட நெயில் பாலிஷ்.”

உருண்டையை வாங்கி மோந்து பார்த்தேன். என் மீன் மூக்குக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

“ஒவ்வொரு தீபாவளிக்கும் வாங்குவேன். பொங்கலுக்குள்ள தீந்துடும். எங்கங்க போவுதுன்னு கேட்டா, ஆவியாப் போயிடும்னு சொன்னாரு. திருடன்!”

ஆபீஸ் மனுஷன், அவள் அடுப்படியில் இருக்கும் நேரமாகப் பார்த்து, மூட்டுக்கு ஒரு கோட்டு அடித்துக் காயவைத்து மாட்டியிருக்கிறீர்கள். உருண்டை கொஞ்சம் தடித்ததும் பிடிப்பு வந்துவிடும். வருஷக்கணக்கில் விருந்தாளியிடமெல்லாம் குவாலிட்டி, குவாலிட்டி என்றீர்களே! நானும் கூடவே ஜப்பான், ஜப்பான் என்றேனே! புளுகில் என்னை மிஞ்ச இந்த ஜில்லாவில் ஆளில்லை என்றிருந்தேன். என் வீட்டு மாப்பிள்ளையே இருந்திருக்கிறார்.

புதுப் புட்டி வேண்டியிருந்தது. “நான் போய்க் கேட்டா பாக்குறவுங்க என்னா நினைப்பாங்க” என்று தயங்கினாள். நான் போனேன். மீன் வாடையும் மீசையுமாக, “சிவப்பு நெயில் பாலிஷ் குடும்மா” என்றதும் கடைப் பெண், “யாருக்குங்க?” என்றாள். “ரோபோவுக்கு” என்றேன். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.

நான் காலைப் பிடித்துக்கொள்ள, என் கட்டைவிரலுக்கும் சேர்த்துப் பூசினாள், காயவைத்தாள், மாட்டினாள். இடுப்பு இறுகிவிட்டது. கழற்றி மாட்டியதில் கைகள்தான் கலைந்துவிட்டன. ஆனால் ஒரு வருஷமாக அதையே பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேருக்கும் கைகள் எப்படி இருந்தன என்பது ஞாபகம் வரவில்லை! இடது கை குறுக்கே என்கிறேன் நான், வலது கை என்கிறாள் அவள். அவளுக்குக் கண் கலங்க ஆரம்பித்துவிட்டது.

அப்போதுதான் அந்த பஸ் ஸ்டாண்ட் ஞாபகம் வந்தது. எழுந்தேன். வேட்டியை மடித்துக் கட்டினேன். நீங்கள் நின்றதுபோலவே, தொப்பையோடு, இடது காலைத் தூக்கி நடுக்கூடத்தில் நின்றேன்.

“கையைக் குறுக்க போடு, அண்ணே. அது இல்ல, அந்தக் கை. இன்னும் கீழ. வலது கை மேல... ஆ! அதான், அதான்!”

அதைச் சொல்லும்போதே சிரித்துவிட்டாள் மாப்பிள்ளை. ஒரு வருஷத்துக்குப் பிறகு. அந்தச் சிரிப்பைப் பார்த்த அதிர்ச்சியில் நான் குப்புற விழுந்தேன். ரோபோ விழவில்லை.

புட்டியை மூடும் முன் தூரிகையில் மிச்சமிருந்ததைத் தன் சுண்டுவிரல் நகத்தில் இழுத்தாள். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, “காஞ்சிடுச்சான்னு தெரிய வேணாமா?” என்றாள். அதைத் துடைக்கவில்லை. சாயங்காலம் பக்கத்து வீட்டம்மா வந்து ஷோகேஸைப் பார்த்து, “இன்னும் ஒத்தக்கால்லயே நிக்குதே!” என்று வியந்தபோது, சுண்டுவிரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னாள்:

“ஜாயிண்டைப் பாத்தீங்களா? குவாலிட்டி!”

என் வலது கணுக்கால் வீங்கிக் கிடக்கிறது. எடை மொத்தமும் குதிகாலுக்கு வந்தது சரிதான், பிடித்து வைக்க என் இடுப்பில்தான் பாலிஷ் இல்லை. நொண்டிக்கொண்டே ஏலத்துக்குப் போகிறேன். காரணம் கேட்கிறவனிடம் சுறா கடித்தது என்கிறேன். வீக்கம் நாளைக்கு வடிந்துவிடும். நீங்கள் விட்டுப்போன வேலை ஒன்று மட்டும் இனி என்னோடுதான். உங்கள் வீட்டுக்கு விருந்தாள் வந்து, தங்கச்சி குவாலிட்டி என்று சொல்லி முடிக்கும் அந்தக் கணத்தில், பக்கத்தில் நின்று, கண்ணைச் சிமிட்டாமல் “ஜப்பான்!” என்று சொல்லவேண்டும். நேற்றுச் சொன்னேன். குரல் கொஞ்சம் பிசிறிவிட்டது. அடுத்த தடவை சரியாகச் சொல்லிவிடுவேன்.

உங்கள் மச்சான்